மூன்றாம் ஓலையும் முட்டுக்காட்டுச் சேறும்

மேற்கு தாம்பரம்,
30-1-1972, ஞாயிறு மத்தியானம்.

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஹில்டாவுக்கு அம்மா எழுதுவது. மூன்றாம் தேதி நீ போட்ட கடிதம் வந்தது, கோண்டார் குளிரிலும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று படித்ததும் அப்பா இரண்டு தடவை ஸ்தோத்திரம் சொன்னார். இங்கே அப்பா சுகம். நானும் சுகம்தான், ஆனால் என் சுகம் சாதாரண சுகம் இல்லை, எட்டு வருஷம் மூன்று மாதமாக வராத சுகம். அதிலும் ஒரு இடத்தில் மட்டும் முள் மாதிரி உறுத்துகிறது, அதனால்தான் சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். போன மாதம் யுத்தம் நடந்தபோது விளக்கு வெளியே தெரியாமல் ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை அப்பா இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கிறார், பாதி வந்தது, பாதி வரவில்லை, வீடு அரைக் கண் மூடினாற்போல இருக்கிறது. தென்னை இரண்டும் காய்த்திருக்கிறது. கூரை ஓடுகளை மாற்றினோம். மற்ற செய்திகள் இருக்கட்டும், சுவிசேஷமுத்துவின் செய்தியை முதலில் எழுதாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய், அம்மா பழசை எல்லாம் நான் மறந்துவிட்டேன், நீங்களும் மறந்துவிடுங்கள் என்று. நீ மறந்தது உன் பெருந்தன்மை. எனக்கு அது கிடையாது. 1963 அக்டோபர் மாதம், கோயிலில் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை மூன்றாம் தடவை வாசித்துவிட்டு, இதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்டார், வழக்கமாக எல்லோரும் கால் மாற்றி உட்காருகிற நேரம், அப்போது இந்தச் சுவிசேஷமுத்து எழுந்து நின்றான். தடை என்று சொல்லவில்லை ஐயா, ஆனால் பெண்ணின் தகப்பன் ஜெபராஜ் எட்டு மாதம் காசநோய் சானடோரியத்தில் படுத்திருந்தவர், அது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டியது சபையின் கடமை என்றான். சபையின் கடமையாம். மறைத்தது உண்மைதான், நான்தான் மறைத்தேன், அப்பா சொல்லிவிடலாம் என்றுதான் சொன்னார், குணமாகி ஒரு வருஷம் ஆன பிறகு எதற்கு என்று வாயை அடைத்தவள் நான். இந்தத் தாம்பரத்தில் அந்த வியாதியை மறைக்காத குடும்பம் எது. அவன் எங்கள் வீட்டுக்கு வந்து தனியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நானூறு பேருக்கு நடுவில் கேட்டான். நாசரேத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பைபிளை மூடிக்கொண்டு நடு வழியாக நடந்து போனார்கள், கல்யாணம் நின்றது, நீ ஆறு மாதத்தில் டீச்சர் வேலைக்கென்று கோண்டாருக்குக் கப்பல் ஏறினாய். இவ்வளவும் உனக்குத் தெரிந்ததுதான், திரும்ப எழுதினால் என் வயிறு கொஞ்சம் ஆறுகிறது, எழுதிவிட்டுப் போகிறேன். அவனை அவர் இவர் என்று எழுது என்று அப்பா பக்கத்திலிருந்து சொல்கிறார், என் பேனாவுக்கு வரவில்லை.

இப்போது அவன் மகள் புஷ்பத்துக்குக் கல்யாணம். நீ போகும்போது இரட்டைச் சடை போட்டுக்கொண்டு பாட்டுக் குழுவில் நிற்பாளே, அந்தப் பெண். மாப்பிள்ளை எலியேசர் என்று, படப்பைக்காரன், பள்ளிக்கூட வாத்தியார், தகப்பன் இல்லை, அம்மா மட்டும். லெந்து உபவாச காலம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வருகிற வியாழக்கிழமை நாள் வைத்திருக்கிறார்கள். பதினாறாம் தேதி முதல் ஓலை, இருபத்து மூன்றாம் தேதி இரண்டாம் ஓலை, இன்று காலையில் மூன்றாம் ஓலை. இன்று என்ன நடந்தது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கடைசித் தாளைத் திருப்பாதே, படகில் போனதைப் படித்தால்தான் அது புரியும்.

குடியரசு தினத்தன்று சபை உல்லாசப் பயணம். சபைச் செக்ரட்டரி என்ற முறையில் ஏற்பாடு எல்லாம் சுவிசேஷமுத்துவுடையது, சம்பந்தி வீட்டையும் அழைத்துத் தன் பெருமையைக் காட்ட வேண்டும் என்று, கேளம்பாக்கத்தில் படகு ஏறிக் கால்வாய் வழியாக முட்டுக்காட்டு உப்பங்கழிக்குப் போய் வருவதாகத் திட்டம். படகுக்கு மட்டும் என்னிடம் வந்து நின்றான், நம் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிற கோவளத்துச் செல்வம்மாளின் புருஷன் துலுக்காணத்திடம் சவுக்குக்கட்டை ஏற்றுகிற பெரிய படகு இருக்கிறது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் பேசி முடித்துக் கொடுத்தேன். செல்வம்மாள் அன்றைக்கே சொன்னாள், தோ பாரும்மா, போறது இன்னா வேணா பண்ணு, ஆனா மூணு மணிக்குள்ள திரும்பிடணும், வத்தம் வந்துச்சுன்னா தண்ணி வாங்கிக்கும், படகு சேத்துல குந்திக்கும், அப்பால ராவுதான் என்று. அதை நான் செக்ரட்டரியிடம் ஒரு தடவை ஒழுங்காகச் சொன்னேன். அவன் டைப் அடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினான், 2.30 வேத வினா விடை, 3.00 தேநீர், 3.30 முடிவு ஜெபம், நாலு மணிக்குப் புறப்பாடு என்று போட்டிருக்கிறது, மீன்காரி பேச்சைக் கேட்டு இனிமேல் மாற்ற முடியாது என்றான். இரண்டாம் தடவை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன் ஹில்டா, வேண்டுமென்றேதான் வரவில்லை.

வண்டலூர் வழியாக வேனில் போய் ஏழரை மணிக்குக் கேளம்பாக்கம் பாலத்தடியில் இறங்கினோம், இருபத்தெட்டுப் பேர். படகில் கட்டை அடுக்குகிற இடத்தைக் கழுவிப் பாய் விரித்திருந்தார்கள், எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம், இவன் மட்டும் கோயில் ஹாலிலிருந்து ஒரு இரும்பு மடக்கு நாற்காலியைக் கொண்டு வந்து நடுவில் போட்டுக்கொண்டான். துலுக்காணம் தலையில் அடித்துக்கொண்டு, இன்னா சார் இது, சேர் போட்டுகினு குந்தினா படகு ஒரு பக்கம் சாயும், கீழ குந்து சார் என்றான். இவன் கேட்கவில்லை, வெள்ளைக் கால்சட்டை அழுக்காகிவிடும் என்று. அதற்காக அந்தப் பக்கம் இரண்டு சாக்கு உப்பைத் தூக்கி வைத்துச் சரிக்கட்டினார்கள். துலுக்காணத்தின் தம்பி குப்பன் கரையில் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டே நடந்தான், துலுக்காணம் பின்னால் கழி ஊன்றினான். அழகாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் உப்பளம், குவித்த உப்பு வெயிலில் கண் கூசியது, கரையில் தாழம்புதர், ஒரு இடத்தில் நீளக்கால் கொக்குகள் கூட்டமாக நின்றன, பெண்கள் எல்லாம் கீர்த்தனை பாடினார்கள். நீ இருந்தால் காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு வந்திருப்பாய். அதை நினைத்ததும் எனக்குப் பாட்டு நின்றுவிட்டது, நாற்காலியில் அவன் முதுகைப் பார்த்தபடியே மீதித் தூரமும் வந்தேன். கால்வாய் முடிந்து கழி அகலமாகத் திறந்ததும் கடல் காற்று அடித்தது, துலுக்காணம் படகை முகத்துவாரத்து மணல் திட்டில் ஒதுக்கினான், அங்கே இறங்கினோம்.

புளிசாதமும் கருவாட்டு வறுவலும் சாப்பிட்டு முடித்ததும், புஷ்பம் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு சவுக்கு மரங்களுக்குப் பின்னால் போனாள். நான் கை கழுவ அந்தப் பக்கம் போனவள், பார்த்துவிட்டேன். உள்ளங்கையில் மாத்திரை வைத்திருந்தாள், பெரிய மாத்திரைகள், ஒவ்வொன்றாக முழுங்கினாள், என்னை அறியாமல் என் வாய் எண்ணியது, பத்து. ஹில்டா, ஒன்றரை வருஷம் அந்த மாத்திரையை வேளைக்குப் பத்தாக அப்பா கையில் எண்ணி வைத்தவள் நான். சீட்டைப் பார்க்க வேண்டியதில்லை, டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை. அந்த நிமிஷம் எனக்கு என்ன இருந்தது என்று மறைக்காமல் எழுதுகிறேன், சந்தோஷம் இருந்தது. அவன் வீட்டுக்குள்ளேயே அது வந்து உட்கார்ந்திருக்கிறது, அவனும் என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு இரண்டு ஓலை வாசிக்க வைத்துவிட்டான், மூன்றாம் ஓலைக்கு நாலே நாள் இருக்கிறது, அவன் எனக்குச் செய்ததை அப்படியே அவன் மடியில் போடக் கர்த்தரே வழி காட்டினார் என்று தோன்றியது. கர்த்தரை இதில் இழுக்காதே என்று அப்பா சொல்கிறார்.

அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். அழவில்லை, கெஞ்சவில்லை, தம்ளரைக் கவிழ்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். ஆன்ட்டி, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மூணு மாசம் மாத்திரை பாக்கி இருக்கு, சளியில இப்ப ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க என்றாள். மாப்பிள்ளை வீட்டில் தெரியுமா என்று கேட்டேன். தெரியும், பாக்கு வெத்தலை மாத்தறதுக்கு முன்னாடியே நானே அவருக்கு லெட்டர் எழுதிட்டேன், அவங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டார், அவங்களே டாக்டரைப் போய்ப் பார்த்துட்டு வந்தாங்க, எங்க அப்பாவுக்குத்தான் அது தெரியாது, தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவார், கல்யாணம் முடியற வரைக்கும் சொல்லாதீங்க ஆன்ட்டி என்றாள். கைக்கு வந்ததைத் தட்டிப் பறித்தது போல இருந்தது எனக்கு. நான் செய்யாததை அந்தச் சின்னப் பெண் செய்திருக்கிறாள் என்பது அப்போது உறைக்கவில்லை, ஏமாற்றம்தான் உறைத்தது. சரி, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இருவரும் மரத்துக்குப் பின்னாலிருந்து சேர்ந்து வந்தோம், அவள் கையில் வெறுந்தம்ளர். அதை அவள் அப்பன் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, ஆயுதம் இல்லாவிட்டால் என்ன, இருக்கிறது என்று அவன் நினைத்தால் போதும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இதைவிட நல்ல சவுக்கை யார் செய்து கொடுப்பார்கள்.

முடிவு ஜெபத்தை இருபத்தைந்து நிமிஷம் இழுத்தான். சம்பந்தியம்மாவைப் பேர் சொல்லி ஸ்தோத்திரம், வேனுக்கு ஸ்தோத்திரம், கடலுக்கும் அதில் நீந்துகிற சகல ஜந்துக்களுக்கும் ஸ்தோத்திரம். நாங்கள் கண்ணை மூடி நிற்க நிற்கக் கழித் தண்ணீர் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டே போனது. துலுக்காணம் இரண்டு தடவை இருமிக் காட்டினான், பிறகு பீடி பற்றவைத்துவிட்டான். படகு ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் அடி தட்டி நின்றுவிட்டது, சுற்றிலும் சாம்பல் நிறச் சேறு. சொன்னா கேட்டியா சார், இப்ப ஆம்பளைங்க அல்லாரும் எறங்கித் தள்ளு, பொம்பளைங்க குந்திகினு இருக்கட்டும் என்றான் துலுக்காணம். அப்பாவைப் பஜனை பாடிக்கொண்டு மேலேயே இருங்கள் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இவன் கடைசியாக, வெள்ளைக் கால்சட்டையோடு தொடை வரை இறங்கினான். நாற்காலி காலியாக இருந்தது. நான் எழுந்து போய் அதில் உட்கார்ந்தேன் ஹில்டா. பக்கத்தில் எலியேசரின் அம்மா. அவள் சும்மா பேச்சுக்கு, நீங்க இந்தச் சபையில ரொம்ப நாளா இருக்கீங்களா அக்கா என்று கேட்டாள். நான் படகைத் தள்ளுகிறவர்களுக்கும் கேட்கும்படி, இருபது வருஷமாக இருக்கிறோம், எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு, யாரிடத்திலும் தனியாக எதுவும் சொல்ல மாட்டோம், எதுவானாலும் மூன்றாம் ஓலையில்தான் சொல்வோம், செக்ரட்டரியைக் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கீழே தள்ளிக்கொண்டிருந்தவன் கால் வழுக்கி முழங்கை வரை சேற்றில் ஊன்றினான். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலி இருந்த பக்கமாகவே வந்து படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தபீதாள் அம்மா, பழசை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மெதுவாகச் சொன்னான். மனசில் வைக்கவில்லை செக்ரட்டரி சார், டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன், நாசரேத் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவை, மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்றேன். அவன் திரும்பிப் போய்த் தோளைக் கொடுத்துத் தள்ளினான். தண்ணீர் திரும்பிப் படகு மிதக்க எட்டு மணியாயிற்று, அதுவரைக்கும் நான் நாற்காலியை விடவில்லை.

வியாழக்கிழமை அவன் வீட்டிலிருந்து ஒரு கூடை ஆப்பிள் வந்தது. வெள்ளிக்கிழமை அவன் மனைவி கேக் கொண்டு வந்தாள். நேற்றுச் சாயங்காலம் அவனே வந்தான். அப்பா எழுந்து நாற்காலி போட்டு, காப்பி கொடுக்கச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். மழை பற்றிப் பேசினான், அரிசி விலை பற்றிப் பேசினான், அஸ்தினாபுரத்தில் மனை வாங்கியது பற்றிப் பேசினான். நான் கதவோரம் நின்று முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். அன்றைக்கு நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது ஜெபராஜ் என்று ஒரு வார்த்தை அப்பாவிடம் சொல்லியிருந்தால், புஷ்பத்துக்குக் கொடுத்த வாக்கையும் மீறி, பயப்படாதே ஐயா, அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவன் வயிற்றில் பாலை வார்த்திருப்பேன். பயம்தான் அவனைக் கொண்டு வந்தது, வருத்தம் அவனோடு வரவில்லை. எழுந்து போகும்போது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருவீர்களா என்று மட்டும் கேட்டான். தவறாமல் வருவேன் என்றேன்.

இன்று காலை மூன்றாம் வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம், அதையும் யோசித்துத்தான். போதகர் ஓலையை வாசித்தார், இது மூன்றாம் முறை என்றார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். நான் எழுந்து நின்றேன். சபை முழுவதும் தலை திரும்பியது. என் கணக்கு என்னவென்றால், கொஞ்சம் நின்று, புடவைத் தலைப்பைச் சரிசெய்து, காற்றில் தாள் பறக்கிறதே என்று ஜன்னலைச் சாத்துகிறேன் ஐயா என்று சொல்லிச் சாத்திவிட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான், புதன்கிழமையே யோசித்து வைத்த வசனம். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான். ஐயா அந்தம்மா சொல்றதைக் கேக்காதீங்க, என் மகளுக்குக் குணமாயிடுச்சு, மூணே மாசம் மாத்திரைதான் பாக்கி, சானடோரியத்துல டாக்டர் சர்டிபிகேட் குடுத்திருக்காங்க, என்கிட்ட இருக்கு என்று கத்தினான். அவன் வாயாலேயே, அந்த நானூறு பேருக்கு நடுவில். எலியேசரின் அம்மா பெஞ்சை விட்டு எழாமலே, எங்களுக்கு எல்லாம் தெரியும் அண்ணா, உங்க பொண்ணே சொல்லிட்டா, உக்காருங்க என்றாள். அவன் உட்காரவில்லை, சரிந்தான். நான் என் வசனத்தைச் சொல்லி ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்காக எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது, இதை அப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

உறுத்துவது அது இல்லை. உட்கார்ந்த பிறகு பாட்டுக் குழு வரிசையைப் பார்த்தேன். புஷ்பம் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். நான் அவனைத்தான் அடிக்க நினைத்தேன், விழுந்த இடம் அவள். கோயில் விட்டதும் வாசலில் என்னிடம் வந்தாள், பக்கத்தில் எலியேசர் நின்றான். ஏன் எழுந்தீர்கள் என்று சண்டை போடுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. ஹில்டா அக்கா அன்னிக்கு அழுதாங்களா ஆன்ட்டி என்றாள். வாசலில் நின்று யோசித்தேன், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன். அன்றைக்கு அவன் போட்டிருந்த கழுத்துப் பட்டையின் நிறம் தெரியும், எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று தெரியும், நாசரேத்துக்காரி எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தாள் என்பது வரைக்கும் தெரியும். சாயங்காலம் அப்பாவுக்குக் கஞ்சி வடித்தவள் நீ என்பதும் நினைவிருக்கிறது. நான் அடுப்படியில் உட்கார்ந்து அவனைச் சபித்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை. அதற்குப் பிறகும் ஒரு நாளும் உன்னைக் கேட்கவில்லை. எட்டு வருஷமாக உன் பேரைச் சொல்லித்தான் இவ்வளவும் சுமந்தேன், உன்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

வியாழக்கிழமை கல்யாணத்துக்குப் போகிறேன், முன் வரிசையில் உட்காருவேன், அவன் கையால் கொடுத்தால் பந்தியில் சாப்பிட மாட்டேன், புஷ்பம் கூப்பிட்டால் சாப்பிடுவேன். பெட்டியில் இருக்கிற புடவை உன்னுடையது, யாருக்கும் கொடுக்கவில்லை, நீ வந்து என்ன செய்யச் சொல்கிறாயோ அது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, அப்பா அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள். உன் போக்கையும் உன் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, உன் வகுப்புப் பிள்ளைகள் உனக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். பதில் போடும்போது மற்றதை எல்லாம் விட்டாலும் பரவாயில்லை, அன்றைக்கு நீ அழுதாயா என்று மட்டும் எழுது.

உன் அம்மா,
தபீதாள் ஜெபராஜ்